பாட்டன் பெயர் அறியாப் பரம்பரை

தமிழில் உறவுப் பெயர்களுக்குப் பஞ்சம் வந்ததில்லை. தந்தையைப் பெற்றவன் பாட்டன். பாட்டனைப் பெற்றவன் பூட்டன். பூட்டனைப் பெற்றவன் ஓட்டன். கீழ்நோக்கி இறங்கினாலும் பேரன், கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் என வரிசை நீளுகிறது. முன்னும் பின்னும் மும்மூன்று தலைமுறைக்குப் பெயர் வகுத்து வைத்திருக்கும் மொழி, அதனைப் பேசிய மக்கள் தம் முன்னோரை எண்ணிக் கணக்கிட்டு வாழ்ந்தவர்கள் என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

அந்த மொழியிலேயே பாடம் பயிலும் ஒரு மாணவனை, ஜாசினிலோ அலோர் காஜாவிலோ உள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றில் எழுப்பி நிறுத்தி, 'உன் பூட்டனார் பெயர் யாது? எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டில் வந்தார்? முதன்முதலில் எந்தத் தோட்டத்தில் வேலைக்கு நின்றார்?' என வினவினால் என்ன விடை கிடைக்கும்? 'இந்தியாவிலிருந்து வந்தாராம்' என்பதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. வீட்டில் கேட்டு வரச் சொன்னாலும், மறுநாள் அவன் கொண்டுவருவது அதே தொடராகத்தான் இருக்கும்.

அதே மாணவன் பேச்சுப் போட்டி மேடை ஏறினால் நிலைமை வேறு. 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் கடல் கடந்து கடாரம் வென்ற செய்தியை அவன் மூச்சு விடாமல் முழங்குவான்; அவையினரும் கைதட்டி மகிழ்வர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் படையோடு வந்து திரும்பிய மன்னனின் பெயர் நாவில் நிற்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் தகரப் பெட்டியோடு வந்து, இம்மண்ணிலேயே உழைத்து, இம்மண்ணிலேயே மறைந்தவரின் பெயர் நாவில் இல்லை. மன்னரின் பெருமையை அறிவது தவறன்று. ஆயினும் தன் வீட்டுப் பாட்டனை மறந்தவன் மன்னனுக்கு உறவு கொண்டாடுவது, கடனாளி கோட்டைக்குப் பட்டா கேட்பதை ஒக்கும்.

இக்குறை மாணவனுடையதன்று. சொல்லிக் கொடுக்காத பெற்றோரும், கேட்டுப் பழக்காத ஆசிரியரும், மேடைதோறும் பழம்பெருமை பேசிவிட்டுப் பழைய ஏடுகளைக் கரையானுக்கு விட்ட சமுதாயத் தலைவர்களுமே இதற்குப் பொறுப்பு.

ஏடில்லை என்னும் சாக்கு

'தோட்டத்துக்கு வந்தவர்கள் எழுத்தறியாத ஏழைகள். அவர்களைப் பற்றி ஏடு ஏது? தேடினாலும் கிடைக்காது' என்பது முதலில் எழும் சாக்கு. இதில் கால்பங்கு உண்மை உண்டு, முக்கால்பங்கு சோம்பல்.

கால்பங்கு உண்மை எது? தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ 1,52,000 இந்தியர் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம், ஏறி வந்த கப்பல் ஆகியன பதிவேட்டில் எழுதப்பட்டன. இன்று ஒரு நேட்டால் தமிழர் தம் முன்னோரின் எண்ணை அறிந்தால் ஊரையும் அறியலாம். மொரீசியசில் குடியேறியோரின் பதிவேடுகளும் நிழற்படங்களும் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்பட்டு வருகின்றன.

மலாயாவின் கதை வேறு. இங்கு ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. இரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழரைப் பெருமளவில் கொணர்ந்தது கங்காணி முறை. கங்காணி தன் ஊரிலும் அண்டை ஊர்களிலும் உறவினரையும் அறிந்தவரையும் திரட்டி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏற்றினான். பயணச் செலவை, முதலாளிமார் செலுத்திய வரியைக் கொண்டு 1907இல் தோன்றிய குடியேற்ற நிதி ஏற்றது. இவ்வேற்பாட்டில் தலைக்கணக்குக்கு இருந்த மதிப்பு ஆள்கணக்குக்கு இல்லை. நேட்டாலுக்கு உள்ளதுபோல் ஆளுக்கொரு பதிவாக ஊரும் பேரும் காட்டும் முழுமையான தொகுப்பு மலாயாத் தமிழர் கைக்கு எட்டும் நிலையில் இல்லை.

ஆனால் இதிலிருந்து பெறும் முடிவு என்ன? அரசு ஏடு குறைவாக உள்ள இடத்தில் வீட்டு ஏடு இருமடங்கு மதிப்புடையதாகிறது. நேட்டால் தமிழன் தன் பாட்டியின் பெட்டியைத் தொலைத்தாலும் அரசுப் பதிவேடு அவனைக் காக்கும். மலாக்காத் தமிழன் அப்பெட்டியைத் தொலைத்தால் அவனைக் காக்க வேறொன்றும் இல்லை. எவருக்கு வீட்டு ஏடு உயிர்நாடியோ அவரே அதனைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடுகிறார்!

தகரப் பெட்டிக்குள் இருக்கும் வரலாறு

முக்கால்பங்கு சோம்பல் என்றதற்குக் காரணம் உண்டு. ஒரு சாதாரணத் தோட்டக் குடும்பத்துப் பெட்டியைத் திறந்தால் கிடைப்பவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தாலே உண்மை விளங்கும்.

முதலில் பிறப்புப் பத்திரம். மலாக்கா 1826 முதல் நீரிணைக் குடியேற்ற நாடுகளுள் ஒன்று. ஆகவே பிறப்பு இறப்புப் பதிவு இங்கு 19ஆம் நூற்றாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. தந்தையின் பெயர், தாயின் பெயர், தந்தையின் தொழில், பிறந்த இடம், பிறப்பைத் தெரிவித்தவர் பெயர் என அத்தாள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு ஏணி வைத்துக் கொடுக்கிறது. அடுத்து அடையாள அட்டை. அவசரகாலத்தின்போது 1948இல் தொடங்கிய பதிவில் ஏறத்தாழ எல்லாரும் இடம்பெற்றனர். 1951இல் தோன்றிய ஊழியர் சேமநிதியின் கணக்குத் தாள், 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை, 1960இல் உருவான தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் ஆகியன அவர் எந்த ஆண்டில் எங்கு வேலை செய்தார் என்பதைக் காட்டவல்லவை.

இவற்றினும் நுட்பமான சான்றுகள் உள. அவற்றை ஏடு என்று எவரும் எண்ணுவதில்லை. ஊரிலிருந்து வந்த கடிதத்தில் எழுதியவர் ஊர்ப்பெயரைக் குறிக்காவிட்டாலும், உறையின்மேல் குத்திய அஞ்சல் முத்திரை அவ்வூர் அஞ்சலகத்தைக் காட்டிவிடும். மணியார்டர் இரசீது பணம் பெற்றவரின் முகவரியைத் தாங்கியிருக்கும். 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலின் பயணச் சீட்டு கிடைத்தால், எந்தத் துறையில் ஏறினார், எந்த நாளில் ஏறினார் என்பது தெளிவாகும். பித்தளைக் குடத்தின் கழுத்தில் வெட்டிய பெயர் பாட்டியின் தாய்வீட்டைச் சொல்லும். பழைய கல்யாணப் பத்திரிகை இரு வீட்டுப் பாட்டன்மாரையும் ஊரோடு சேர்த்து அழைத்திருக்கும். எல்லாவற்றினும் மேலானது மொய் நோட்டு. இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி என்று எழுதிய அவ்வேட்டில், எந்தத் தோட்டத்தில் எந்த உறவினர் இருந்தார் என்பது வரிக்கு வரி பதிந்துள்ளது. ஒரு குடும்பத்தின் உறவு வட்டம் முழுவதையும் மொய் நோட்டைப்போல் ஒரே இடத்தில் காட்டும் ஆவணம் அரிது.

காகிதம் தீர்ந்த இடத்தில் குலதெய்வம் பேசும். வீட்டில் படையலிடும் தெய்வத்தின் பெயரோடு ஒட்டி நிற்கும் ஊர்ப்பெயர், பல குடும்பங்களில் எஞ்சிய ஒரே தடயமாகும். கங்காணி தன் ஊரைச் சுற்றியே ஆள் திரட்டினான் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். ஒரே கங்காணியின்கீழ் வந்து ஒரே லயத்தில் குடியிருந்தவர்கள் அண்டை ஊரினராக இருத்தல் இயல்பு. எனவே தன் வீட்டில் விடை கிடைக்காதவன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் பாதி வழி திறந்துவிடும்.

தேடுவோர் தவறிப்போகும் இடங்களும் உண்டு. பாட்டனார் சொல்லிச் சென்ற 'வட ஆற்காடு ஜில்லா'வை இன்றைய தமிழ்நாட்டு வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. அதிலிருந்து 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. எஞ்சிய பகுதி வேலூர்ப் பெயரைப் பெற்றது. தென் ஆற்காடு 1993இல் கடலூராகவும் விழுப்புரமாகவும் பிரிந்தது. சேலம் ஜில்லாவின் நாமக்கல் 1997இல் தனி மாவட்டமாயிற்று. வரைபடத்தில் பெயர் இல்லை என்பதால் பாட்டனார் பொய் சொன்னார் என்று முடிவு கட்டும் பேரப்பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றை எடுத்துச் சொல்லத் தமிழாசிரியரை விட்டால் வேறு யார் உளர்?

ஓர் ஆள், மூன்று பெயர்

தேடலின் பெரிய முட்டுக்கட்டை பெயரே. தோட்டத்துக் கிராணி காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார். முனியாண்டி ஓரேட்டில் முனியனாகவும், மற்றோரேட்டில் முனிசாமியாகவும் மாறினார். இலட்சுமி, 'லெட்சுமி' ஆனது மட்டுமன்றி, ஒவ்வோர் அலுவலகத்திலும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலைப் பெற்றாள். கையெழுத்து அறியாதவர் கைநாட்டு வைத்தார். எழுதியது சரியா என்று அவரால் பார்க்க இயலவில்லை. ஒரே மனிதர் பிறப்புப் பத்திரத்தில் ஒருவர், அடையாள அட்டையில் வேறொருவர், இறப்புப் பத்திரத்தில் மூன்றாமவர்.

இந்தப் பிழையை எவர் திருத்தவல்லார்? தமிழ் ஒலியும் தமிழ்ப் பெயர் மரபும் அறிந்தவரே. எந்தப் பெயர் எந்தப் பெயரின் சிதைவு என்பதைக் கண்டுபிடிப்பது ஒரு தமிழாய்வுப் பணி. கல்வெட்டில் தேய்ந்த எழுத்தைப் படிப்பவர் அறிஞர் எனப் போற்றப்படுகிறார். கைநாட்டின் மேலிருக்கும் சிதைந்த பெயரைப் படிப்பதும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று.

பெண்டிர் நிலை இன்னும் கொடிது. இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று தந்தை பெயரை மட்டும் இணைத்து எழுதும் முறையால் தாயின் பெயர் ஒரே தலைமுறையில் மறைந்துபோகிறது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, ஆணுக்கு நிகராகப் பால்மரம் வெட்டியவளின் பெயர் பிறப்புப் பத்திரத்தின் ஒரு கட்டத்தில் மட்டும் உயிரோடிருக்கிறது. அத்தாளும் தொலைந்தால் அவள் இவ்வுலகில் வாழ்ந்ததற்கே சான்றில்லை.

இது பழங்கதை விரும்பிகளின் பொழுதுபோக்கா?

'செத்தவர் கதையைக் கிளறி என்ன பயன்? வருங்காலத்தைப் பார்க்க வேண்டாமா?' என்று கேட்போர் உளர். இக்கேள்விக்கு வரலாற்றாசிரியர் விடை சொல்லத் தேவையில்லை; தேசியப் பதிவிலாகாவின் முகப்பு விடை சொல்லும்.

மலாக்காவில் பிறந்தவர், நீரிணைக் குடியேற்ற நாட்டில் பிறந்தவர் என்ற முறையில் பிரிட்டிஷ் குடியாகக் கொள்ளப்பட்டார். எல்லைக்கு அப்பால் நெகிரி செம்பிலானில் பிறந்தவருக்கு அந்நிலை இல்லை. பத்தாங் மலாக்கா ஊரின் ஊடாகவே இரு மாநிலங்களின் எல்லை செல்கிறது. சாலைக்கு இப்புறம் பிறந்த குழந்தைக்கும் அப்புறம் பிறந்த குழந்தைக்கும் சட்டத்தின் முன் இருந்த வேறுபாடு அவ்வளவு பெரிது! 1948ஆம் ஆண்டு மலாயாக் கூட்டரசு உடன்படிக்கையின்படி, இங்கு நிலையாக வாழ்ந்த மலாக்காப் பிறப்பினர் எளிதில் கூட்டரசுக் குடியுரிமை பெற்றனர். மலாய் மாநிலங்களில் பிறந்த தமிழருக்கு, பெற்றோர் இருவரும் இங்கேயே பிறந்தவராக இருத்தல் போன்ற கடுமையான விதிகள் இருந்தன. பின்னர், 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்வரை இந்நாட்டில் பிறந்தவர் அனைவரும் பிறப்பினாலேயே குடிமக்கள் ஆயினர். அதற்குப்பின் பிறந்தவருக்கோ, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால்தான் அவ்வுரிமை என்றாயிற்று.

இதன் பொருள் என்ன? பேரன் குடிமகனா என்னும் கேள்விக்கு விடை பாட்டியின் பிறப்பில் அடங்கியிருக்கக்கூடும். 1958இல் ஒரு லயத்து வீட்டில் மருத்துவிச்சி கையில் பிறந்த பெண் சட்டப்படி குடிமகள். ஆனால் அவள் பிறப்பை எவரும் பதியாவிட்டால் அவள் உரிமையை மெய்ப்பிப்பது எங்ஙனம்? அவள் மகனுக்குப் பத்திரம் இல்லை. பேரனுக்குப் பள்ளியில் இடம் கிடைப்பதில் இடர். ஆவணமற்ற இந்தியர்களைப் பதிய 2011இல் 'மைடஃப்தார்' இயக்கமும், 2017இல் அதன் பெருந்தொடர்ச்சியும் நடத்த வேண்டி வந்தமையே இச்சிக்கலின் ஆழத்தைக் காட்டும். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமச் சீட்டு வேண்டும் என்ற நிலை வந்தபோது, தாம் பிறந்து வளர்ந்த தோட்டத்தையே விட்டு முன்பின் அறியாத ஊருக்குக் கப்பலேறிய குடும்பங்களை இச்சமுதாயம் மறந்திருக்காது. அன்று கண்ணீர் விட்டவர்கள் பாடம் கற்றிருந்தால், வீட்டில் இருந்த ஒவ்வொரு தாளையும் பொன்போல் காத்திருப்பர்.

தாள் இல்லாதவர் மடிந்தபோது நேர்ந்தது என்ன என்பதற்குச் சயாம் மரண இரயில் பாதை சாட்சி. 1942-43இல் சப்பானியர் இட்ட 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர். அதே பாதையில் மடிந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக, பெயர் பொறித்து நிற்கின்றன. பெயர் தெரியாதவர்க்கும் கல் உண்டு. அங்கு மடிந்த தமிழருக்கு அத்தகைய கல் இல்லை. முழுமையான பெயர்ப்பட்டியலும் இல்லை. படைவீரனுக்கு ஏடு இருந்தது. கூலிக்கு ஏடு இல்லை. 'சயாமுக்குப் போனார், திரும்பவில்லை' என்று ஒரு குடும்பம் இன்னும் சொல்லிக் கொண்டிருக்குமாயின், அவ்வொரு வரிதான் அவருக்குள்ள நடுகல். அதனையும் எழுதி வைக்காமல் விடுவது அவரை இரண்டாம் முறை புதைப்பதாகும்.

வெட்கமும் சாதியும்

'கூலி என்ற சொல்லைக் கிளறினால் பிள்ளைகளுக்குத் தாழ்வு மனப்பான்மை வரும்' என்பது மற்றொரு வாதம். உழைத்தவனைக் கண்டு வெட்கம்; உழைப்பைச் சுரண்டியவனைக் கண்டு மரியாதை! மலாயாவில் முதன்முதலில் வணிக நோக்கில் இரப்பர் பயிரிடப்பட்ட இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங். 1896இல் அதனைத் தொடங்கிய டான் சே யான் என்பவரின் பெயர் வரலாற்று நூல்களில் உள்ளது, இருக்கவும் வேண்டும். ஆயின் பின்னர் இம்மாநிலமெங்கும் பரவிய அம்மரங்களைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பாலெடுத்தவர்கள் யார்? அவர்தம் பெயரைச் சொல்ல அவர் பேரனே நாணினால் வேறெவர் சொல்வார்? கூலி என்பது அவருக்குப் பிறர் வைத்த பெயர். அவருடைய சொந்தப் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்வதே அவ்விழிவைத் துடைக்கும் வழி.

'பழைய ஏட்டைத் தேடினால் சாதி தலைதூக்கும்' என்னும் அச்சம் இதனினும் கருதத்தக்கது. பழைய பதிவுகளில் சாதிப் பெயர் இருப்பது உண்மை. அதனை எடுத்துப் பெருமை பேசவும் பிறரைத் தாழ்த்தவும் முனைவோர் இருப்பதும் உண்மை. ஆனால் கத்தி வெட்டும் என்பதற்காக அடுப்படியை மூடுவாரில்லை. பலருக்குக் கடல் கடத்தலே அவ்விழிவிலிருந்து தப்பிக்கும் வழியாக இருந்தது. எதனை விட்டு ஓடிவந்தார் என்பதை அறிந்தால்தான், பேரன் அதனை மீண்டும் சுமக்காமல் இருப்பான். மாணவன் தேட வேண்டியவை பெயர், ஊர், உழைப்பு, உறவு. சாதியைத் தேடி ஊருக்குக் கடிதம் எழுதுவோருக்கு இப்பணியில் இடமில்லை என்பதை ஆசிரியர் முதல் நாளிலேயே அறிவித்துவிட வேண்டும்.

மலாக்கா தரும் இரு பாடங்கள்

முன்னோரைக் காப்பது எப்படி என்று கற்க மலாக்காத் தமிழர் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை.

காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகள் வாழ்கின்றனர். மலாக்கா சுல்தானியக் காலத் தமிழ் வணிகரின் வழிவந்த இவர்கள், பல தலைமுறைகளுக்கு முன்பே தமிழ் பேசுவதை விட்டு மலாய்மொழி பேசலாயினர். இவர்கள் முன்னோர் கட்டிய பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781ஆம் ஆண்டினது. டச்சுக்காரர் காலத்தில் செட்டிகளின் தலைவராக இருந்த தெய்வநாயகம் செட்டி பெயரோடு இணைந்தது. இம்மக்கள் ஆண்டுதோறும் போகி நாளிலும், பழப் பருவத்திலும் 'பார்ச்சு' என்னும் முன்னோர் படையலைத் தவறாமல் இடுகின்றனர். இலை விரித்து, இறந்தவர் விரும்பிய உணவு படைத்து, அவரை அழைத்துப் பின்னரே உண்கின்றனர். மொழியை இழந்தவர்கள் முன்னோரை இழக்கவில்லை. மொழியைக் காத்ததாக மார்தட்டும் தோட்டத் தமிழரோ முன்னோரை இழந்து நிற்கின்றனர். இரண்டும் உடையவராக இருக்க முடியாதா என்பதே கேள்வி.

இரண்டாவது பாடம் புக்கிட் சீனா. ஆயிரக்கணக்கான சீனக் கல்லறைகளைத் தாங்கிய அக்குன்றில் 1984ஆம் ஆண்டில் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை மாநில அரசு முன்வைத்தது. சீனச் சமுதாயம் ஒன்றுதிரண்டு எதிர்த்தது, திட்டம் நிறைவேறவில்லை, குன்று இன்றும் நிற்கிறது. தோட்டத்து இடுகாடுகளின் நிலை என்ன? தோட்டம் கைமாறியது, இரப்பர் அழிந்து செம்பனை வந்தது, வீடுமனைத் திட்டம் வந்தது. மேடுகள் சமமாயின. எந்த மேட்டில் யார் கிடந்தார் என்று கேட்கவும் ஆளில்லை. இடுகாட்டின் பெயர்களை எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு விடுமுறை நாளும் போதும். அவற்றைக்கூடச் செலவிட எவரும் முன்வராதபோது அரசையும் தோட்ட நிருவாகத்தையும் மட்டும் பழிப்பது நேர்மையாகாது.

தமிழ்ப்பள்ளியின் கடன்

இறுதியாக, ஆசிரியப் பெருமக்கள் தம் அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்னும் விதி 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. அவ்வாறு லயத்தின் ஓரத்திலும் கோவிலின் பக்கத்திலும் தோன்றிய பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடு எழுதப்பட்டது. பிள்ளை பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், விலகிய நாள், எந்தத் தோட்டத்துக்கு மாறிச் சென்றார் என்ற குறிப்பு ஆகியன அதில் உள. கிராணியின் சிதைந்த எழுத்துக்கூட்டலுக்கு மாற்றாகத் தமிழாசிரியர் தம் கைப்பட எழுதிய பெயர் கிடைக்குமாயின், அதனினும் நம்பத்தக்க சான்று வேறில்லை.

அப்பதிவேடுகள் இன்று எங்கே? மலாக்கா மாநிலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மூடப்பட்டவையும், இடம் மாறியவையும், அருகிலுள்ள பள்ளியோடு இணைந்தவையும் பல. பள்ளி புதுக் கட்டடத்துக்கு மாறும்போது நாற்காலியும் கரும்பலகையும் லாரியில் ஏறுகின்றன; பழைய பதிவேடு குப்பையோடு எரிகிறது. திறப்பு விழாவுக்கு மலர் அச்சிடப் பணம் திரட்டுவோர், அம்மலரில் முதல் பக்கமாக வைக்கத்தக்க ஏட்டை எரித்துவிட்டுத்தான் விழாவுக்கு வருகின்றனர். அதனை எரித்தவர் வெள்ளைக்காரத் துரை அல்லர் என்பதைச் சொல்லாமல் விடுவது உண்மைக்கு மாறாகும்.

செய்ய வேண்டியவை பெரியன அல்ல. பழைய சேர்க்கைப் பதிவேடு எஞ்சியுள்ள ஒவ்வொரு பள்ளியும் அதனைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இரண்டு படிகள் வைக்கட்டும். மூலத்தைப் பேண வசதி இல்லையெனில், 1957இல் தோன்றிய தேசிய ஆவணக் காப்பகத்தின் அறிவுரையை நாடட்டும். ஆறாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் பள்ளியை விட்டுச் செல்லுமுன் தம் குடும்ப வரலாற்றை இரண்டு பக்கம் எழுதட்டும். அதில் இரு வழிப் பாட்டன் பாட்டியர் பெயரும், அவர் வேலை செய்த தோட்டமும், பார்த்த ஏடுகளின் பட்டியலும் இருக்கட்டும். முதியோர் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லித் தந்தால் போதும். பிறப்பு இறப்புப் பதிவின் படியைத் தேசியப் பதிவிலாகாவில் கேட்டுப் பெறலாம் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் அறிவிக்கட்டும். ஆலய நிருவாகத்தினர் பழைய வரவு செலவு ஏட்டையும் நன்கொடையாளர் பெயர்ப்பலகையையும் புதுப்பிப்பு என்ற பெயரில் வீசாதிருக்கட்டும். எழுத்தாளர் சங்கங்கள் கதைப் போட்டிக்கு ஒதுக்கும் பரிசில் ஒரு பங்கைக் குடும்ப வரலாற்றுக்கும் ஒதுக்கட்டும்.

1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளேடு 2019இல் நின்றது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அதில் வந்த திருமண அறிவிப்புகளும் இரங்கற் செய்திகளும் எத்தனையோ குடும்பங்களின் கொடிவழியைத் தம்முள் வைத்திருக்கின்றன. நாளேடு நின்றுவிட்டது, ஆளும் நாளும் காத்திருப்பதில்லை. 1938 சூன் மாதத்தில் இந்திய அரசு உதவிப் பயணத்தைத் தடை செய்தது. அதற்கு முன் கங்காணியோடு கப்பலில் வந்தவர்களுள் எஞ்சியிருப்போரை இனி விரல்விட்டுத்தான் எண்ண வேண்டும். அவர்கள் வாயிலிருந்து நேரே கேட்ட பிள்ளைகளும் இன்று எண்பதைத் தொட்டுவிட்டனர். இவர்களும் மறைந்தபின் மொய் நோட்டில் உள்ள பெயர் யாருடையது என்று சொல்ல எவரும் இரார். அஞ்சல் முத்திரை வெறும் கறையாகிவிடும்.

ஆதலின், அடுத்த ஆண்டுத் திட்டத்தில் பார்க்கலாம் என்று இப்பணியைத் தள்ளுவோர், தள்ளுவது ஓராண்டையன்று, ஒரு தலைமுறையை. தகரப் பெட்டியின் சாவி இன்னும் சில பாட்டியரின் இடுப்பில் இருக்கிறது. கேட்டால் கொடுப்பார்கள். கேட்கும்படி பிள்ளையை அனுப்ப வேண்டியவர் தமிழாசிரியர்.